லேயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். கலியாண அல்பம், சாமத்திய வீட்டு பனர், அந்தியேட்டிக்கு நினைவு மலர், கடைப் பெயர்ப்பலகை என்று எது வந்தாலும் செய்வோம். சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் படம் திருத்தும் போட்டோஷொப் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. முதல் நாள் எல்லோரும் சந்தோஷமாகப் போவார்கள். இரண்டாம் நாள் லேயரில் வந்து சிக்குவார்கள். பிறகு இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி வரும். ஒரே பதிலைக் குரல்பதிவாக அனுப்பி அனுப்பித் தொண்டை காய்ந்துவிட்டது. இனி இதைப் படியுங்கள்.

லேயர் எண்டால் என்ன அக்கா? லேசாச் சொல்லுங்கோ.

முந்திச் சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச்சீட் நினைவிருக்கிறதா? 2017இல் தடை செய்த அதே மெல்லிய பொலித்தீன்தான். உங்கள் அம்மம்மாவின் படம் ஒன்றை மேசையில் வைத்து, அதன்மேல் ஒரு லஞ்ச்சீட்டை விரித்து, மார்க்கரால் நெற்றியில் ஒரு பொட்டு வையுங்கள். மேலிருந்து பார்த்தால் அம்மம்மா பொட்டோடு இருக்கிறார். சீட்டைத் தூக்கினால் படம் பழையபடியே இருக்கிறது. அந்தச் சீட்தான் லேயர். பொட்டுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, கீழே எழுதும் பெயருக்கு ஒன்று என எத்தனை சீட்டும் விரிக்கலாம். மேலே கிடக்கும் சீட் கீழே உள்ளதை மறைக்கும். வரிசையை மாற்றினால் தோற்றமும் மாறும்.

இதில் பாதிப் பேர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. திரையில் தெரிவது எல்லாச் சீட்டும் சேர்ந்த தோற்றம். உங்கள் பிரஷ் தொடுவதோ ஒரேயொரு சீட்டை. எந்தச் சீட்டில் கை இருக்கிறது என்பதை வலப்பக்கம் இருக்கும் லேயர் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேரே படத்திலேயே திருத்தினால் என்ன? வேலை கெதியா முடியுமே.

முடியும், வாடிக்கையாளர் திரும்பி வரும்வரை. அவர் வருவார். "தங்கச்சி, அந்தப் பின்பக்க நிறம் பழையபடி இருந்தால் நல்லம், ஆனால் பெயர் இப்ப இருக்கிறமாதிரியே இருக்கட்டும்" என்பார். எல்லாவற்றையும் ஒரே படத்தில் செய்து சேமித்திருந்தால் அன்றைக்கு இரவு நித்திரை இல்லை.

ஒரு காலத்தில் எல்லோரும் அப்படித்தான் வேலை செய்தார்கள். போட்டோஷொப்பின் முதல் பதிப்பு 1990இல் வந்தபோது அதில் லேயரே கிடையாது. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் லேயர் நுழைந்தது. பல படி பின்னால் போக உதவும் ஹிஸ்டரி 1998இல் ஐந்தாம் பதிப்போடு வந்தது. அதுவரை ஒரேயொரு அண்டூதான். இரண்டாவது பிழையைச் செய்துவிட்டால் முதற்பிழை அங்கேயே உறைந்துவிடும். அண்டூ பைலை மூடும்வரைதான் கைகொடுக்கும். லேயர் நாளைக்கும் இருக்கும், அடுத்த வருடமும் இருக்கும்.

பேக்ரவுண்ட் லேயரில் ஒரு பூட்டு இருக்குது. அசையுதில்லை.

பூட்டுக் குறியில் ஒருமுறை சொடுக்குங்கள், திறந்துவிடும். அதற்கு முதல் கண்ட்ரோலோடு ஜே அழுத்தி ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பிறகு பூட்டைத் திறக்கவே தேவைப்படாது.

பிரஷால தீட்டுறன், ஒண்டும் வருகுதில்லை. கொம்பியூட்டர் பழுதோ?

பழுதில்லை. இந்த வரிசையில் பாருங்கள். முதலில், வேறு லேயரில் நிற்கிறீர்களா? அடுத்து, எங்கேயோ ஒரு மூலையில் செலக்ஷன் ஒன்றைப் போட்டுவிட்டு மறந்துவிட்டீர்களா? அப்படியானால் அதற்கு வெளியே எதுவும் பதியாது. கண்ட்ரோலோடு டி அழுத்தினால் அது நீங்கும். மூன்றாவது, நீங்கள் தீட்டும் லேயருக்கு மேலே இன்னொன்று முழுதாக மூடிக்கொண்டு கிடக்கிறதா? நான்காவதுதான் வழக்கமான குற்றவாளி. லேயரின் படத்துண்டுக்குப் பதிலாகப் பக்கத்திலுள்ள மாஸ்க்கைத் தெரிவுசெய்து வைத்திருப்பீர்கள். போன தவணை ஒரு பிள்ளை கால்மணி நேரம் சிவப்புச் சேலைக்கு இன்னும் சிவப்புத் தீட்டினாள். சேலை மெல்ல மெல்லக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. பார்த்தால் கை மாஸ்க்கில் இருந்தது. மாஸ்க்குக்குச் சிவப்பும் ஒரு சாம்பல்தான்.

அந்த மாஸ்க்தான் விளங்குதில்லை. அழிறப்பர் இருக்கேக்கை மாஸ்க் ஏன்?

அழிறப்பர் படத்தின் புள்ளிகளான பிக்சலைத் தின்றுவிடும், மாஸ்க் மறைத்து மட்டும் வைக்கும். லேயருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்புவெள்ளைப் படம்தான் மாஸ்க். அதில் வெள்ளையான இடத்தில் லேயர் தெரியும், கறுப்பான இடத்தில் தெரியாது, சாம்பலான இடத்தில் அரைகுறையாகத் தெரியும். ஒரு தோளைக் கூடுதலாக வெட்டிவிட்டீர்களா? பிரஷை வெள்ளையாக்கி அதே இடத்தில் தீட்டுங்கள், தோள் திரும்பி வரும். டி விசை நிறங்களைக் கறுப்பு வெள்ளையாக்கும், எக்ஸ் விசை இரண்டையும் இடம் மாற்றும். இடக்கை இந்த இரண்டு விசையிலும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆல்ட் விசையோடு மாஸ்க்கைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் திரை முழுக்கத் தெரியும். தவறவிட்ட தூசிப் புள்ளிகள் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். ஷிஃப்டோடு சொடுக்கினால் மாஸ்க் சற்று நேரம் ஓய்வெடுக்கும், முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

என் வகுப்பில் முதல் மாதம் அழிறப்பருக்குத் தடை. கோபிக்கிறார்கள். பரவாயில்லை.

அண்ணா கனடாவில. கலியாணத்துக்கு வர முடியேல்லை. குடும்பப் படத்தில சேர்க்கலாமோ?

இந்தக் கடைக்கு வரும் வேலைகளில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். சேர்க்கலாம். நன்றாக வருமா என்பது அண்ணா எடுத்து அனுப்பும் படத்தைப் பொறுத்தது.

முதலில் படத்தை எடுக்கும் விதம். குடும்பப் படம் எந்த உயரத்திலிருந்து எடுக்கப்பட்டதோ, அண்ணாவையும் அதே உயரத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். செல்ஃபி வேண்டாம். அவ்வளவு கிட்ட நின்று எடுத்தால் மூக்குப் பெருத்துக் காது சிறுத்துவிடும். அந்தத் தலையை எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் இரவல் தலை மாதிரித்தான் இருக்கும். பத்தடி தள்ளி நின்று யாராவது எடுக்கட்டும். மண்டபத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்திருந்தால், அங்கேயும் யன்னல் இடப்பக்கம் இருக்க வேண்டும். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.

இனி லேயருக்கு வருவோம். அண்மையில் செய்த ஒன்றைச் சொல்கிறேன். பின்வரிசையில், மாப்பிள்ளையின் தகப்பனுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடைவெளி. மூன்று லேயர் போட்டேன். அடியில் குடும்பப் படம். அதன்மேல் மாஸ்க்கோடு அண்ணா. அண்ணாவுக்கும் மேலே, குடும்பப் படத்திலிருந்து தகப்பனின் வலது தோளையும் முன்னால் இருந்த அத்தையின் கொண்டையையும் மட்டும் வெட்டியெடுத்த துண்டு. இந்த மூன்றாவது லேயர்தான் உயிர். அது இல்லாவிட்டால் அண்ணா எல்லோருக்கும் முன்னால் மிதப்பார். தோள் அவரை இரண்டு விரல் அளவு மறைத்ததும் ஆள் போய் வரிசையில் நின்றுவிட்டார்.

பிறகு அளவு. அதே வரிசையில் நிற்பவர்களின் தலையோடு ஒப்பிட வேண்டும், முன்வரிசைத் தலையோடு அல்ல. பிறகு நிறம். மண்டபத்து விளக்கு மஞ்சள், அங்கே மாரிகால யன்னல் வெளிச்சம் நீலம். அண்ணாவுக்கு மேலே, வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றும் கேர்வ்ஸ் லேயர் ஒன்று போட்டு, இரண்டுக்கும் நடுவில் ஆல்ட் பிடித்துச் சொடுக்கினேன். அப்போது அந்தக் கேர்வ்ஸ் அண்ணாவை மட்டும் தொடும். நீலத்தைக் கொஞ்சம் இறக்கி, சிவப்பை ஒரு துளி ஏற்றினேன். கடைசியில் நிழல். தகப்பனின் தோள் அண்ணாவின் சட்டையில் நிழல் விழுத்தும் அல்லவா? அண்ணாவுக்கும் தோளுக்கும் இடையில் ஒரு வெற்று லேயர், கீழுள்ளதை இருளாக்கும் மல்டிப்ளை (விளக்கம் பிறகு வரும்), கடும் மண்ணிறத்தில் மெத்தென்ற பிரஷ், ஒபாசிட்டி, அதாவது மறைக்கும் அளவு, நூற்றுக்கு 25. நிழலுக்குச் சுத்தக் கறுப்புப் போடாதீர்கள், கரி பூசிய மாதிரி இருக்கும்.

படத்தை வாங்க வந்த தாய் வேறொன்றும் பார்க்கவில்லை. "மெலிஞ்சு போனான்" என்றார்.

இதன் மறுபக்கமும் வரும்: குடும்பப் படத்திலிருந்து ஒருவரை எடுத்துவிடச் சொல்வார்கள். செய்து கொடுப்பேன், காரணம் கேட்பதில்லை. அந்த ஆளைத் தனி லேயரில் மறைத்து, பைலைப் பத்திரமாக வைத்திருப்பேன். இரண்டு தரம் திரும்பச் சேர்த்தும் கொடுத்திருக்கிறேன்.

காலிமுகத்திடல் சூரிய அஸ்தமனத்தைப் பின்னணியாப் போட்டால் ஏன் பொய்யாத் தெரியுது?

ஏனென்றால் அங்கே சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. கடலுக்கு முதுகு காட்டி நிற்பவருக்கு முகம் இருண்டு, தலைமயிரின் ஓரம் பொன்னாக மின்ன வேண்டும். நீங்கள் ஸ்டூடியோவில் முன்னால் விளக்கடித்து எடுத்த முகத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் முகத்தை இருட்டாக்குங்கள், அல்லது தாமரைக் கோபுரத்தைப் பகலில் எடுத்துப் பின்னால் வையுங்கள்.

அம்மப்பாவின் பழைய படம் கறை பிடிச்சுப் போச்சு. எந்த லேயரில தொடங்குறது?

நினைவு மலருக்கு வரும் படங்களில் முக்கால்வாசி இப்படித்தான். கண்ணாடியோடு ஒட்டிப்போனவை, பூஞ்சணம் பிடித்தவை, பின்பக்கம் போல்பொயின்ற் பேனையால் அழுத்தி எழுதி முன்பக்கம் தடம் விழுந்தவை. 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணுங்கள். படம் கறுப்புவெள்ளையாக இருந்தாலும் நிறப் படமாகவே ஸ்கேன் பண்ணுங்கள். மஞ்சள் கறையையும் சாம்பல் முகத்தையும் பிரித்தறிய அந்த நிறம் உதவும்.

ஸ்கேனை அப்படியே அடியில் விட்டு, மேலே வெற்று லேயர்கள் போடுங்கள். கீறலுக்கு ஒன்று, கறைக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று. நல்ல இடத்தைப் பிரதி எடுத்துக் கறையை மூடும் ஹீலிங் பிரஷையோ குளோன் ஸ்டாம்ப்பையோ எடுத்ததும் மேல்பட்டையில் சாம்பிள் என்ற இடத்தில் 'கரண்ட் அன்ட் பிலோ' என்று மாற்றுங்கள். இதைச் செய்யாமல் வெற்று லேயரில் தேய்த்துவிட்டு "ஒண்டும் நடக்குதில்லை" என்று எனக்கு எழுதுபவர்கள் ஒரு பட்டாளம். மாற்றிவிட்டால் கீழே உள்ள படத்திலிருந்து தோலை எடுத்து மேலே உள்ள வெற்று லேயரில் வைக்கும். வெளிச்சம், நிறம் எல்லாம் கேர்வ்ஸ் போன்ற அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் இருக்கட்டும். அதற்கென்று சொந்தப் பிக்சல் கிடையாது. எண்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

முக லேயரைத் தனியாக வைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகள் உற்சாகத்தில் சுருக்கத்தை எல்லாம் தேய்த்துவிடுவார்கள். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு "இது எங்கட அப்பா இல்லை" என்பார். முக லேயரின் ஒபாசிட்டியை 60க்கு இறக்கினால் சுருக்கம் அளவாகத் திரும்பி வரும், அப்பாவும் வருவார். ஒரு சொடுக்கில் முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகள் இப்போது நிறைய. அவை இல்லாத கண்ணிமையையும் பல்லையும் கற்பனையில் போடும். அதையும் ஒரு லேயராக மேலே வைத்து, மாஸ்க்கால் சட்டைக்கும் பின்னணிக்கும் மட்டும் பயன்படுத்துவேன். முகத்துக்கு விடமாட்டேன்.

பிளென்ட் மோட் இருபதுக்கு மேல இருக்குது. எல்லாம் படிக்கோணுமோ?

தேவையில்லை. மேலே உள்ள லேயர் கீழே உள்ளதோடு எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்வதுதான் பிளென்ட் மோட். நான் நாளாந்தம் தொடுவது நான்கு.

மல்டிப்ளை, பெயருக்கேற்றபடி பெருக்குகிறது. கறுப்பு 0, வெள்ளை 255. இரண்டு லேயரின் எண்களையும் பெருக்கி 255ஆல் வகுக்கும். 128ம் 128ம் சேர்ந்தால் 64, அதாவது இருளும். வெள்ளையோடு எது பெருக்கினாலும் மாறாது, ஆகவே வெள்ளை மறைந்துவிடும். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் போட்ட கோலத்தையோ கையெழுத்தையோ ஸ்கேன் செய்து, அழைப்பிதழின் மஞ்சள் பின்னணிமேல் வைத்து மல்டிப்ளை கொடுங்கள். வெட்டாமலே தாள் போய்விடும், கோடு மட்டும் நிற்கும்.

ஸ்கிரீன் அதற்கு நேர்மாறு. கறுப்பு மறையும். கறுப்புப் பின்னணியில் எடுத்த குத்துவிளக்குச் சுடரை எங்கே வைத்தாலும் சுடர் மட்டும் எரியும். சொஃப்ட் லைட் படத்துக்குக் கொஞ்சம் உறைப்பு ஏற்ற. கலர், கறுப்புவெள்ளைப் படத்துக்கு நிறம் கொடுக்க. மிச்சத்தை மழை நாளில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்.

தமிழ் எழுத்து உடையுது. 'கொ' போட்டால் கொம்பு வேற பக்கம் போகுது.

போனிலும் இணையத்திலும் எழுதும் யூனிகோட் எழுத்தானால் பிரெஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சின் தெரிவு அங்கே இருந்தால் அதை 'வேர்ல்ட் ரெடி லேயவுட்' ஆக்குங்கள். பழைய பதிப்புகளில் அது 'மிடில் ஈஸ்டர்ன் அன்ட் சவுத் ஏசியன்' என்று இருக்கும். பிறகு புதிய பைல் ஒன்றில் எழுதிப் பாருங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவானால் இந்தச் சிக்கல் வராது, வேறொன்று வரும். பாமினியில் நீங்கள் எழுதுவது உண்மையில் ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு அதற்குத் தமிழ் உடுப்புப் போட்டுக் காட்டுகிறது. பாமினி இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் உடுப்புக் கழன்றுவிடும். கண்ணீர் அஞ்சலி பனர் ஒன்றை எழுத்து லேயர்களோடு அப்படியே ஓர் அச்சகத்துக்கு அனுப்பியிருந்தேன். அங்கே பாமினி இல்லை. வேலை செய்த மல்லிக்கு, அதாவது சிங்களத் தம்பிக்கு, தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஆறடிப் பனர் செத்தவீட்டு வாசல்வரை போய்விட்டது. பிழை என்னுடையது. அன்றிலிருந்து, எழுத்து லேயர்களை முதலில் ஒரு குரூப்பாகப் பிரதி எடுத்து மறைத்து வைப்பேன். மற்றப் பிரதியில் வலப்பக்கச் சொடுக்கில் 'கன்வேர்ட் டு ஷேப்' கொடுப்பேன். எழுத்து வடிவமாகிவிட்டால் எந்த எழுத்துருவும் தேவையில்லை. மறைத்து வைத்த பிரதி, பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனது தெரியவரும்போது உதவும்.

மூன்று மொழி விளம்பரம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று குரூப் போடுங்கள். கண்ட்ரோலோடு ஜி. வாடிக்கையாளர் தமிழை மட்டும் பெரிதாக்கச் சொன்னால், அப்படிச் சொல்வது குறைவு, ஆனால் சொன்னால், ஒரே பிடியில் பிடிக்கலாம்.

லேயர் கூடினால் கொம்பியூட்டர் ஊருது.

கணக்கைப் பாருங்கள். 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000க்கு 4000. பிக்சலுக்கு 3 பைட் வீதம் ஒரு லேயருக்கே ஏறக்குறைய 72 எம்பி. முழுப் படத்தையும் பத்துத் தரம் பிரதி எடுத்தால் நீங்களே பெருக்குங்கள். தோள் மட்டும் தேவையென்றால் தோளை மட்டும் பிரதி எடுங்கள். வெற்றிடம் அவ்வளவாக இடம் பிடிக்காது. பைல் 2 ஜிபியைத் தாண்டினால் போட்டோஷொப்பின் வழக்கமான வகையான பிஎஸ்டியாகச் சேமிக்க விடாது, பிஎஸ்பி என்ற பெரிய வகையில் சேமியுங்கள்.

கரண்டையும் நம்பாதீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வெட்டிய நாட்களில், லேயர் போடும் முன் கண்ட்ரோல் எஸ் அழுத்தப் பழகியவள் நான். போட்டோஷொப் தானாகக் காப்பது 10 நிமிடத்துக்கு ஒருமுறை. பிரெஃபரன்சஸில் அதை 5 ஆக்கலாம்.

போட்டோஷொப்புக்கு மாதாமாதம் கட்டக் காசில்லை.

கிம்ப் இலவசம், எக்ஸ்சிஎஃப் பைலில் லேயரைக் காக்கும். அதில் அழித்த இடம் வெள்ளையாகிறதென்றால் அந்த லேயருக்கு 'அட் அல்ஃபா சனல்' கொடுங்கள். போட்டோபீ பிரவுசரிலேயே ஓடும், பிஎஸ்டியையும் திறக்கும், போட்டோஷொப்பில் பழகிய கைக்கு அந்நியமாக இராது. போனில் லேயர் வேலை செய்யலாம், ஆனால் விரல் தடித்தது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போகிறவர்கள் கிராஃபிக்ஸ் கார்டுக்கு முதல் ரேமைக் கேளுங்கள். 16 ஜிபி இருந்தால் இந்த வேலைக்குத் தாராளம்.

ஜேபெக்கில சேமிச்சன். லேயரைக் காணேல்லை.

திரும்பி வராது. ஜேபெக் எல்லாச் சீட்டையும் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டிவிடும். வேலைக்கு பிஎஸ்டி, வாட்ஸ்அப்புக்கு ஜேபெக். பின்னணி இல்லாத லோகோவுக்கு பிஎன்ஜி. அதில் வெற்றிடம் வெற்றிடமாக நிற்கும், லேயர்கள் நிற்காது.

பாஸ்போர்ட் படத்தில முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கலாமோ?

இல்லை. 35க்கு 45 மில்லிமீட்டருக்குள் நீங்கள் நீங்களாகவே இருக்க வேண்டும்.

வகுப்புக்கு என்ன கொண்டுவரோணும்?

சனி பின்னேரம் 3 மணி. லப்டொப் இல்லாதவர்களுக்கு இங்கே இரண்டு கொம்பியூட்டர் இருக்கிறது, முந்தி வருபவருக்கு இடம். லப்டொப் கொண்டுவருபவர்கள் மவுஸும் கொண்டுவாருங்கள். டச்பேடில் மாஸ்க் தீட்டிய ஒரு தம்பி, மணமகளின் காதை மூன்று கிழமையாக வெட்டிக்கொண்டிருக்கிறார்.